மிதப்பு நூல்: வலப்பனையாருக்கு ஏழு சூத்திரமும் உரையும்

பாயிரம்

நூல் தொடங்குமுன் அதன் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், வழி ஆகியவற்றைச் சொல்லிவைப்பது தமிழ் உரை மரபு. உயிரைத் தாங்கும் கருவி ஒன்றைப் பற்றிய நூலுக்கு அந்த ஒழுங்கு மிகவும் பொருந்தும்.

எல்லை: மேற்கே நுவரெலியா மாவட்டத்து வலப்பனையைச் சூழ்ந்த மலைநாடு; கிழக்கே மட்டக்களப்புக் கடல். உயரத்தில் நுவரெலியா நகரின் 1,868 மீற்றர். ஆழத்தில் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கும் ஐம்பது மீற்றர் சொச்சம். இந்த நான்கு எல்லைக்குள் ஒரு சுழியோடியின் மிதப்பு எப்படியெல்லாம் மாறுகிறது என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

நுதலிய பொருள்: தண்ணீருக்குள் காற்றை ஏற்றியும் வெளியேற்றியும் உடலைச் சமநிலையில் நிறுத்தும் பை. சட்டைபோல் மார்பைச் சுற்றி வருவதை ஜாக்கெட் என்பர். முதுகுத் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பின்புறம் மட்டும் விரிவதை விங் என்பர். இரண்டுக்கும் பொதுப்பெயர் பி.சி.டி.

கேட்போர்: தோட்டத்து லயங்களிலும் மலைநாட்டுச் சிறு நகரங்களிலும் வளர்ந்து, கடலில் இறங்க விரும்புவோர். முறையான பயிற்சியும் சான்றிதழும் பெற்ற பிறகே இந்நூல் அவர்களுக்குப் பயன்படும். பயிற்சிக்கு இது மாற்று ஆகாது.

இங்கே ஒரு தடை எழும்: “நுவரெலியா மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. கொழுந்து நிறுக்கும் ஊரில் கடலாடும் கருவிக்கு நூல் எதற்கு?”

விடை: மலைநாட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. வலப்பனைக்கு வடக்கே ரந்தெனிகல, மேற்கே கொத்மலை, தென்மேற்கே காசல்ரீ, மவுசாகலை என்று நீர்த்தேக்கங்கள் சூழ்ந்திருக்கின்றன. அருவியிலோ நீர்த்தேக்கத்திலோ ஒருவர் காணாமற்போனால் கடற்படைச் சுழியோடிகள் வரவழைக்கப்படுகிறார்கள். மேலும், பேராதனையில் தொடங்கும் ஏ5 நெடுஞ்சாலை இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை எனக் கடந்து மட்டக்களப்பை அடுத்த செங்கலடியில் முடிகிறது. மலையையும் கிழக்குக் கடலையும் ஒரே சாலை இணைத்திருக்கையில், அந்தச் சாலையில் இறங்கிப் போய் நீரில் மூழ்கி, மறுபடி ஏறி வருகிறவர்க்குத் தனிக் கணக்கு வேண்டும். கரையோரத்துக்கு எழுதப்பட்ட கையேடுகளில் அது ஓரிரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

வழி: மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களிடமிருந்து இந்த அறிவு தொடங்குகிறது. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் கால் வைத்து ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். அடியைத் தொட்டதும் தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். மூச்சு முடியும் தறுவாயில் குளிப்பவரும் கயிற்றின் துணையோடு ஏறுவார். 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அரசு அலுவலராக இருந்த லெனாட் வூல்ஃப் தம் தன்வரலாற்றில் அந்தக் காட்சியை எழுதியிருக்கிறார். இறங்குவதற்குக் கல், ஏறுவதற்குக் கயிறு, தங்குவதற்கு நுரையீரல் என வேலை மூன்றாகப் பிரிந்திருந்ததே அந்த முறையின் சிறப்பு.

1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் அக்வாலங் சுவாசக் கருவியை உருவாக்கியபோது மனிதர் நீருக்குள் நெடுநேரம் தங்க முடிந்தது. தங்க முடிந்ததும் நடுநீரில் நிற்பது எப்படி என்ற கேள்வி பிறந்தது. பிரான்சில் மொரிஸ் ஃபென்சி 1961இல் கழுத்தில் மாட்டும் மிதப்புப் பைக்குக் காப்புரிமை பெற்றார். 1970களில் ஜாக்கெட்டுகள் பரவின. அதே பத்தாண்டின் இறுதியில் வடக்கு புளோரிடாவின் குகைச் சுழியோடிகள் உலோகத் தகடும் விங்கும் சேர்ந்த அமைப்பைச் செய்து பார்த்தனர். இன்று கடையில் தொங்கும் வகைகளெல்லாம் இந்த வழியில் வந்தவையே.

சூத்திரம் 1: ஈயம் முதலில், பை பிறகு.

உரை: மூழ்கிய பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அந்த நீரின் எடை அளவுக்கு நீர் அதைத் தாங்கும். உடல், உடை, சிலிண்டர், ஈயம் எல்லாம் சேர்ந்து 100 கிலோ எடையோடு கடலில் சமநிலையில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடல்நீர் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ, நன்னீர் ஒரு கிலோ. அதே மனிதர் அதே கருவியோடு நன்னீரில் இறங்கினால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ தாழ்வார். ஆகவே கிழக்குக் கரையின் பாசிக்குடாக் கடலில் கட்டிய ஈயத்தை ஒரு நீர்த்தேக்கத்தில் அப்படியே கட்டக்கூடாது. அந்த இரண்டரைக் கிலோவைக் கழற்றவேண்டும்.

ஈயத்தின் சரியான அளவை அறியும் முறை ஒன்றே. முழுக்கின் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிஞ்சியிருக்கையில், ஐந்து மீற்றர் ஆழத்தில் பையை முற்றிலும் காலியாக்கி, இயல்பாக மூச்சுவிட்டபடி அசையாமல் நிற்கமுடிய வேண்டும். மேலெழுந்தால் ஈயம் குறைவு, தாழ்ந்தால் கூடுதல். இந்தச் சோதனையைச் செய்யாதவர் எந்தப் பையை வாங்கினாலும், தேவையற்ற ஈயத்தைத் தூக்குவதற்கே அதன் பாதியைச் செலவிடுவார்.

சூத்திரம் 2: இழப்பன இரண்டு, அவற்றின் கூட்டே பையின் அளவு.

உரை: சரியாக ஈயம் கட்டியவர் முழுக்கின் முடிவில் சமநிலையில் இருப்பார். அப்படியானால் தொடக்கத்தில் அவர் ஏன் தாழ்கிறார்? காரணம் இரண்டு.

ஒன்று, சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் எடை. உலகெங்கும் வாடகைக்குக் கிடைக்கும் 80 கன அடி அலுமினியச் சிலிண்டரின் உட்கொள்ளளவு 11.1 லீற்றர், நிரப்பும் அழுத்தம் 207 பார். அதில் அடங்கும் காற்று ஏறத்தாழ 2.7 கிலோ. நிரம்பியிருக்கையில் இந்தச் சிலிண்டர் கடல்நீரில் சற்றே தாழும். காலியானால் இரண்டு கிலோ அளவுக்கு மேலெழும்.

இரண்டு, உடையின் சுருக்கம். நியோப்ரீன் உடைக்குள் நுண்ணிய வாயுக்குமிழ்கள் இருக்கின்றன. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். முப்பதில் நான்கு மடங்காகும். குமிழ்கள் அதற்கேற்பச் சுருங்க, உடை கொடுத்த மிதப்பும் குறைந்துபோகும். மூன்று மில்லிமீற்றர் உடை இரண்டு கிலோ மிதப்புத் தருவதாக வைத்தால், ஆழத்தில் அதன் பெரும்பகுதி போய்விடும்.

பை ஈடுசெய்ய வேண்டியவை இவ்விரண்டு மட்டுமே. கரையில் நிற்கும்போதே காகிதத்தில் கூட்டிப் பார்க்கக்கூடிய தொகை இது. கூட்டாமல் பை வாங்குபவர் கடைக்காரரின் தொகையை ஏற்றுக்கொண்டவர் ஆவார்.

சூத்திரம் 3: ஒற்றைக்குச் சிறிதே போதும்.

உரை: இதற்கு எடுத்துக்காட்டு ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல் அது. பாசிக்குடாவுக்கு அருகே ஏறத்தாழ 24 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. மேல்நிலைப் பயிற்சி பெற்ற பொழுதுபோக்குச் சுழியோடி ஒற்றைச் சிலிண்டரோடு போய்வரக்கூடிய ஆழம். கிழக்கே கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாசி வரையான மாதங்களே அதற்குக் காலம்.

கணக்கு: காற்று 2.7 கிலோ, உடைச் சுருக்கம் இரண்டு கிலோவுக்குள். ஆக ஐந்துக்கும் குறைவு. நீர்மட்டத்தில் படகுக்குக் காத்திருக்கையில் தலையை நீருக்கு மேலே வைத்திருக்க இன்னும் ஐந்து கிலோ தேவைப்படும். மொத்தம் பத்து. ஆகவே 12 முதல் 14 கிலோ தூக்கும் ஒற்றைச் சிலிண்டர் விங் தாராளமாகப் போதும். கருவியைக் கழற்றி நீரில் விட்டாலும் அது தனியே மிதக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜாக்கெட்டா, விங்கா? புதிதாகக் கற்பவருக்கு ஜாக்கெட் இணக்கமானது. நீர்மட்டத்தில் நிமிர்ந்து நிற்க உதவும், பைகளும் கொக்கிகளும் உண்டு. ஆனால் ஊதும்போது மார்பை நெரிக்கும். அளவு பொருந்தாவிட்டால் தோளுக்கு மேலேறும். விங்கில் காற்று முதுகுப்பக்கம் தங்குவதால் நீருக்குள் உடல் கிடைநிலையில் நிற்கும். கால் துடுப்புகள் அடிமணலைக் கிளறா. நீர்மட்டத்தில் முகத்தை முன்னே தள்ளும் இயல்பு அதற்குண்டு. ஈயத்தைச் சற்றுப் பின்னே வைத்தால் அது தணியும். வாடகைக்கு இரண்டையும் போட்டுப் பார்த்து, ஐம்பது முழுக்குக்கும் மேல் போக எண்ணுபவர் விங்கையே வாங்கலாம் என்பது இவ்வுரையின் முடிபு. தகடும் வாரும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பை கிழிந்தால் பையை மட்டும் மாற்றலாம்.

சூத்திரம் 4: ஆழத்துக்கு இரண்டு வேண்டும்.

உரை: ‘ஹெர்மிஸ்’ வேறு உலகம். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அதே ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். கப்பல் கிடப்பது அதற்கும் கீழே. அங்கே சாதாரணக் காற்று மதியை மயக்கும். அதனால் ஹீலியம் கலந்த வாயு, இரட்டைச் சிலிண்டர், மேலேறுகையில் படிப்படியாக நின்று சுவாசிக்க ஒட்சிசன் மிகுந்த பக்கச் சிலிண்டர்கள், இவற்றுக்கெல்லாம் தனிப் பயிற்சி ஆகியவை தேவை. இதையே தொழில்நுட்பச் சுழியோடல் என்பர்.

இப்போது கணக்கு: காற்றின் எடையையே அளவாக வைத்தால் இரட்டை அலுமினியச் சிலிண்டரில் 5.4 கிலோ, இரண்டு சிறிய பக்கச் சிலிண்டர்களில் ஏறத்தாழ 2.8 கிலோ, உடைச் சுருக்கம் இரண்டு கிலோ. மொத்தம் பத்துக்குச் சற்று மேல். ஹீலியம் இலேசானது என்பதால் உண்மை எடை இதிலும் குறையும். கணக்கைக் குறைக்காமல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நீர்மட்டத் தேவையையும் சேர்த்தால் 18 முதல் 20 கிலோ விங் போதும்.

ஆனால் அளவு இங்கே பாதிக் கேள்விதான். ஐம்பது மீற்றரில், முழுக்கின் தொடக்கத்திலேயே பை கிழிந்தால் பத்துக் கிலோ கனத்தோடு ஒருவர் துடுப்படித்து ஏற முடியாது. கட்டிய ஈயம் குறைவாகவே இருப்பதால் அதைக் கழற்றியும் பெரிய பயனில்லை. குளிர்நாட்டுச் சுழியோடிக்குக் காற்றேற்றிய உலருடை இரண்டாவது மிதப்பாகும். நம் வெதுவெதுப்பான கடலில் உலருடை அணிவாரில்லை. ஆகவே இங்கே இரட்டைப் பை கொண்ட விங் வேண்டும். இரண்டாவது பையின் ஊதுகுழாய் தானாகவே காற்றைக் கசியவிட்டால் சுழியோடி காரணம் தெரியாமல் மேலெழுவார். அதனால் அதன் குழாயைத் தேவைப்படும்போது மட்டும் பொருத்துவோர் பலர். எந்த ஒழுங்கைப் பின்பற்றினாலும் துணைச் சுழியோடிக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சூத்திரம் 5: மிகை காவாது.

உரை: “பெரிய பை என்றால் கூடுதல் பாதுகாப்புத்தானே” என்பது தடை. விடை: பெரிய பைக்குள் சிறிது காற்று விட்டால் அது ஓரிடத்தில் நில்லாமல் அலையும், உடல் புரளும். ஒற்றைச் சிலிண்டருக்கு இரட்டைச் சிலிண்டர் விங்கைப் பூட்டினால் பையின் ஓரங்கள் மேலே மடிந்து சிலிண்டரைத் தழுவிக்கொள்ளும். அந்த மடிப்பில் அகப்பட்ட காற்றை வெளியேற்றுவது கடினம். வெளியேறாத காற்று மேலேறும்போது விரியும். விரிந்தது இன்னும் வேகமாக மேலே இழுக்கும். பத்து மீற்றரில் ஐந்து லீற்றராக இருந்த குமிழ் நீர்மட்டத்தில் பத்து லீற்றர் ஆகும். கடைசிப் பத்து மீற்றரே மிகவும் கவனம் தேவைப்படும் பகுதி.

கனத்திலும் மிகை தீது. எஃகுச் சிலிண்டர்களில் பல காலியான பிறகும் தாழ்ந்தே நிற்கும். அவற்றை இரட்டையாகப் பூட்டி, கீழே எஃகுத் தகடும் வைத்து, மூன்று மில்லிமீற்றர் உடையோடு இறங்குபவரிடம் கழற்றி எறிய ஈயமே இருக்காது. மெல்லிய உடைக்கு அலுமினியம், தடித்த உடைக்கு எஃகு என்பது பொதுவிதி. சிலிண்டர், தகடு, உடை, பை நான்கையும் ஒன்றாக வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சூத்திரம் 6: மேட்டுநீருக்கு வேறு அளவை.

உரை: கடல்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்கு மேற்பட்ட நீரில் மூழ்குவதை உயர்நிலச் சுழியோடல் எனப் பயிற்சி அமைப்புகள் தனியே வகுத்திருக்கின்றன. கொத்மலை, காசல்ரீ, மவுசாகலை மூன்றும் அந்த அளவைத் தாண்டியவை. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே ஒரு குமிழ் பத்து மீற்றரிலிருந்து மேலே வருகையில் இருமடங்குக்குப் பதில் 2.2 மடங்காக விரியும். ஆக, மேட்டுநீரில் பையிலிருந்து காற்றை முன்னரே, சிறிது சிறிதாக வெளியேற்றிக்கொண்டே ஏற வேண்டும். அழுத்தத் தணிப்பு அட்டவணைகளும் வேறு. கணினியை உயரத்துக்கு ஏற்ப அமைக்கவேண்டும். தண்ணீர் குளிர்ந்திருப்பதால் உடை தடிக்கும். உடை தடித்தால் சுருக்கமும் கூடும். இரண்டாம் சூத்திரத்தின் தொகை அங்கே பெரிதாகும்.

மவுசாகலை நிரப்பப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோவிலும் கட்டடங்களும் வெளியே தெரிகின்றன. இத்தகைய நீரில் சேறும் மூழ்கிய மரங்களும் சுவர்களும் உண்டு. தொங்கும் கொக்கிகளும் வளையங்களும் மிகுந்த ஜாக்கெட் அங்கே சிக்கும். ஒடுங்கிய விங்கும் ஒற்றை வாரும் ஏற்றவை. உரிய அதிகாரிகளின் அனுமதியும் மீட்புப் பயிற்சியும் இல்லாமல் எவரும் நீர்த்தேக்கத்தில் இறங்கலாகாது.

வீடு திரும்பும் வழியும் இந்தச் சூத்திரத்தில் அடங்கும். மூழ்கியவரின் உடலில் கரைந்த நைதரசன் முழுதும் வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் உயரத்துக்குப் போனால் அது குமிழாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். டைவர்ஸ் அலர்ட் நெட்வேர்க் அமைப்பின் பரிந்துரைப்படி, தனியொரு சாதாரண முழுக்குக்குப் பின் 12 மணி நேரமும், தொடர் முழுக்குகளுக்குப் பின் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறலாம். அழுத்தத் தணிப்பு நிறுத்தங்கள் தேவைப்பட்ட முழுக்குக்கு அதைவிடக் கணிசமாகக் கூடிய நேரம் வேண்டும். விமான அறையின் அழுத்தத்துக்காகச் சொன்ன அந்த அளவு, 600 முதல் 2,400 மீற்றர் வரையான உயரத்துக்குரியது. வெலிமடையும் நுவரெலியாவும் இராகலையும் அதற்குள் வருகின்றன. காலையில் பாசிக்குடாவில் மூழ்கி மாலை பஸ்ஸில் வலப்பனைக்கு ஏறுவது தவறு. மட்டக்களப்பிலேயே ஓரிரவு தங்க வேண்டும். அந்தச் செலவையும் கருவியின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். பையையும் கரையில் இறுக ஊதி மூடியபடி மலையேற்றக்கூடாது. உள்ளிருக்கும் காற்று நுவரெலியாவில் கால்பங்கு விரிந்து தையலை இழுக்கும்.

சூத்திரம் 7: பொருந்தியதே கருவி.

உரை: கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் உரிய இடத்தில் அமையாவிட்டால் ஐந்து கிலோவும் பத்துக் கிலோவாக இழுக்கும் என்பதை மலையில் ஏறியவர் அறிவர். மிதப்புக் கருவியும் அவ்வாறே. தகட்டின் மேல்விளிம்பு தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். கையைப் பின்னே வளைத்தால் சிலிண்டர் வால்வு எட்ட வேண்டும். இடுப்புவார் இறுகியும் மூச்சு தடைப்படாமலும் இருக்க வேண்டும். கவட்டுவார் இருந்தால் கருவி தலைப்பக்கம் நகராது.

பழைய கருவி வாங்குவோர் மூன்றைச் சோதிக்கவேண்டும். பையை இறுக ஊதி ஓரிரவு விட்டு, காலையிலும் இறுக்கம் இருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். தொட்டியில் அமுக்கிக் குமிழ் வருகிறதா எனப் பார்க்கவேண்டும். ஊதும் பொத்தானை அழுத்தி விட்டால் உடனே மேலே வருகிறதா, உப்புப் படிந்து ஒட்டுகிறதா எனப் பார்க்கவேண்டும். ஒட்டும் பொத்தான் விடாமல் ஊதி, சுழியோடியைத் தடுக்கமுடியாத வேகத்தில் மேலே கொண்டுபோகும். ஒவ்வொரு முழுக்குக்குப் பின்னும் பைக்குள் நன்னீர் விட்டுக் குலுக்கி வடித்தால் இந்தக் கேடு வராது.

பயன்

அளவறிந்து பூட்டியவர் மூச்சாலேயே மிதப்பைத் திருத்துவார். சற்று ஆழ இழுத்தால் எழுவார். சற்று நீள விட்டால் தாழ்வார். பொத்தானை அழுத்தும் தேவை குறையும். காற்றுச் செலவும் குறையும். பவளத்தில் துடுப்புப் படாது. 307 பேரின் கல்லறையான ஹெர்மிஸின் தகடுகளை அவர் தொடவும் மாட்டார், அங்கிருந்து எதையும் எடுக்கவும் மாட்டார். தன்னைத்தான் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவராதலால், துணைவர் ஆபத்தில் சிக்கினால் இரு கையாலும் உதவுவார். இந்தக் கடைசிப் பயனுக்காகவே மற்ற எல்லாம்.

ஆகவே கற்பவர் செய்யவேண்டிய ஒழுங்கு இது. முதலில் பயிற்சி. அடுத்து ஒரு சிறு குறிப்பேடு: எந்த நீர், எந்த உடை, எந்தச் சிலிண்டர், எத்தனை கிலோ ஈயம், ஐந்து மீற்றரில் நின்றீர்களா இல்லையா. வாடகைக் கருவிகளோடு சில முழுக்குகள் போன பிறகு, அந்த எண்களைக் கூட்டி வரும் அளவில் ஒரு பை. அதற்கு மேல் ஒரு கிலோவுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை; மிஞ்சும் பணத்தை மட்டக்களப்பில் தங்கும் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.